மாடு முட்டிய வழக்கில் கடவுள் எங்கே?

கேள்வி: நான் மதுரையில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். வேலைக்காக லண்டனுக்கு வந்த பிறகு யூத சமயத்தின் மீது ஆழ்ந்த ஈடுபாடு ஏற்பட்டு, அதில் சேர்வதற்காக ரப்பி எனப்படும் யூத சமய ஆசான் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஒவ்வோர் இரவும் தனியாக உட்கார்ந்து, மொழிபெயர்ப்பின் துணையுடன், மோசேயின் ஐந்து நூல்களான தோராவும் யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதும் வாசிக்கிறேன். தொழுகைப் புத்தகத்தைப் பார்த்து மூன்று வேளையும் தொழுகிறேன். ஆனால் சிறுவயதில் பாட்டி பதிகம் பாடும்போது என் கண்களில் வந்த நீர் இங்கே ஒரு நாளும் வரவில்லை. ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய மாட்டை முட்டினால் நட்டஈடு எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் படிக்கும்போது, இதில் கடவுள் எங்கே இருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. "எங்கள் முன்னோரின் கடவுளே" என்று தொழுகையில் சொல்லவும் வாய் கூசுகிறது. என்னைச் சேர்த்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் சமய நீதிமன்றத்தின் முன் போய் நிற்க வேண்டிய நாள் நெருங்குகிறது. எதையும் உணராத நான் அங்கே போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாடு முட்டிய வழக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நீங்கள் படிப்பது தல்மூதில் பாவா கம்மா என்னும் பகுதியாகத்தான் இருக்க வேண்டும். முட்டும் மாடு, திறந்து கிடக்கும் குழி, பரவும் நெருப்பு ஆகியவற்றால் பிறருக்கு நேரும் சேதத்திற்கு யார் பொறுப்பு என்பதை அந்தப் பகுதி விரிவாக ஆராய்கிறது. அதன் 30ஆம் ஏட்டுக்கு நீங்கள் வந்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. பண்டைக் காலத்துப் பக்தர்கள் தங்கள் நிலத்தில் கிடந்த முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் ஏர்முனை தொடாத ஆழத்தில், மூன்று கைப்பிடி அளவுக்குக் கீழே புதைத்து வைப்பார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. அதைத் தொடர்ந்து, பக்தனாக விரும்புகிறவன் எதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற பேச்சு வருகிறது. ராவ் யெஹூதா தரும் விடை, சேதங்களைப் பற்றிய சட்டங்களை என்பது. ராவா என்னும் அறிஞர், முன்னோரின் அறிவுரைகளைத் தொகுத்த பகுதியைச் சுட்டுகிறார். ஆசீர்வாதங்களையும் தொழுகையையும் பற்றிய பகுதியே என்று வேறு சிலர் கூறுகிறார்கள். மூன்று விடைகளும் அழியாமல் நிற்கின்றன, ஆனால் முதலில் வைக்கப்பட்டிருப்பது நீங்கள் வறண்டது என்று நினைக்கும் அந்த மாட்டுச் சட்டம்தான்.

இது தற்செயலாக அமைந்ததன்று. தோராவின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தின் 19, 20ஆம் அதிகாரங்களில் சீனாய் மலை புகைந்து நடுங்குகிறது, இடியும் எக்காளமும் முழங்குகின்றன, கடவுள் மக்களோடு பேசுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே முட்டும் மாடும் மூடாத குழியும் வந்துவிடுகின்றன. மலையில் பேசிய அதே குரல்தான் அண்டை வீட்டுக்காரனின் மாட்டைப் பற்றியும் பேசுகிறது என்பது யூத சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. ஆகவே அந்தக் குழியை எவ்வளவு உறுதியாக மூட வேண்டும் என்று நீங்கள் நள்ளிரவில் யோசித்துக்கொண்டிருக்கும்போது, கடவுள் எதைப் பொருட்படுத்துகிறார் என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஐயம் புதியதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களை இரு பிரிவாகப் பிரித்த பெரும் சர்ச்சையில் இதற்கு முக்கிய இடம் இருந்தது. 1760இல் மறைந்த பால் ஷெம் தோவைப் பின்பற்றிய ஹசிதியர்கள், உள்ளம் கடவுளோடு ஒட்டிக்கொள்வதையும் உருகித் தொழுவதையும் முன்னிறுத்தினார்கள். அவர்களை எதிர்த்த வில்னா காவோன் என்னும் பேரறிஞரின் மாணவரான வொலோஷின் ஊர் ரப்பி ஹயீம், கல்வியைக் கல்விக்காகவே செய்ய வேண்டும் என்றார். படிக்கும் நேரம் முழுவதும் கடவுளை நினைத்து உருகிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் ஒரு வணிக வழக்கைக்கூட ஒருவரால் ஒழுங்காகப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவருடைய வாதம். கடவுளின் சொல்லும் விருப்பமும் கடவுளை விட்டுப் பிரிந்து நிற்பவை அல்ல என்பதால், அந்தச் சொல்லில் முழு மனத்தோடு ஈடுபட்டவர், உணர்ந்தாலும் உணராவிட்டாலும், கடவுளோடு இணைந்தே இருக்கிறார் என்று அவர் எழுதினார். அதே சமயம், புத்தகத்தைத் திறக்கும் முன் சிறிது நேரமாவது கடவுளுக்கு அஞ்சி அமைதியாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

என்னை மிகவும் நெகிழச் செய்வது, எதிர்த்தரப்பிலிருந்தும் ஏறக்குறைய இதே விடை வந்ததுதான். ஹசிதிய ஆசானான லியாதி ஊர் ரப்பி ஷ்னேயூர் சல்மான் 1796இல் வெளியிட்ட தான்யா என்னும் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், மனித அறிவு கடவுளின் அறிவைத் தழுவுவதற்கும் அதனால் தழுவப்படுவதற்கும் எடுத்துக்காட்டாக ஒரு சொத்து வழக்கையே சொல்கிறார். ரூபன் இப்படி வாதிட்டால், சிமியோன் அப்படி வாதிட்டால், தீர்ப்பு இன்னது என்பதை ஒருவர் தெளிவாகப் புரிந்துகொள்ளும்போது, அப்படியொரு வழக்கு ஒருபோதும் நடக்காமலே போனாலும், அவர் பற்றிக்கொண்டிருப்பது கடவுளின் விருப்பத்தையே என்றும், இதற்கு ஒப்பான ஐக்கியம் உலகில் வேறு இல்லை என்றும் அவர் எழுதுகிறார். இருபுறமும் கடுமையாக மோதிக்கொண்டிருந்த காலத்தில், உருக்கத்தை உயர்த்திப் பிடித்த தரப்பின் ஆசான் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டும் நீதிமன்ற வழக்குதான்.

ஆகவே முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் இரவும் படித்து முடித்ததும் "இன்று ஏதாவது உணர்ந்தேனா?" என்று உங்களை நீங்களே சோதித்துக்கொள்வதை நிறுத்துங்கள். வொலோஷின் ரப்பி சொன்னபடி, படிப்பதற்கு முன் சில நிமிடங்கள், யாருடைய சொல்லைக் கேட்கப் போகிறோம் என்பதை மட்டும் எண்ணி அமருங்கள். பிறகு சட்டத்தைச் சட்டமாகவே படியுங்கள். கல்வி கண்ணீரைத் தரும் என்று இந்த மரபு எங்கும் வாக்களிக்கவில்லை, மகிழ்ச்சியைத் தரும் என்றே சொல்கிறது. எருசலேம் கோவில் இடிக்கப்பட்டதை நினைத்து ஆவ் மாதம் ஒன்பதாம் நாளில் உண்ணாநோன்பு இருப்பவர்கள், துயரமான சில பகுதிகளைத் தவிர, அன்று தோராவைப் படிப்பதும் இல்லை. அது இதயத்தை மகிழ்விப்பது என்பதே அதற்குக் காரணம். நெருங்கிய உறவினரை இழந்து துக்கம் காக்கும் ஏழு நாட்களுக்கும் அதே தடை உண்டு. ஒரு கடினமான வாதம் பிடிபடும் கணத்தில் மனம் துள்ளுகிறதே, அந்தத் துள்ளலை நீங்கள் இந்த இரண்டு ஆண்டுகளில் நிச்சயம் அனுபவித்திருப்பீர்கள். பாட்டியின் பதிகம் தந்த உணர்வு அன்று என்பதால் அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த சொல் "தனியாக" என்பது. தல்மூத் தனியாகப் படிப்பதற்கான நூல் அன்று. இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துப் படிக்கும் ஹவ்ரூதா முறையில்தான் யெஷிவா எனப்படும் சமயக் கல்விக்கூடங்களில் இன்றும் அது பயிலப்படுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் திபேரியாவில் வாழ்ந்த ரப்பி யோஹனானின் கல்வித் துணைவர் ரேஷ் லாக்கிஷ். அவர் இறந்த பிறகு, ஆறுதலாக எலாசார் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பி வைத்தார்கள். அவரோ யோஹனான் எதைச் சொன்னாலும் "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டே இருந்தார். யோஹனான் மனம் நொந்து, "லாக்கிஷின் மகன் (ரேஷ் லாக்கிஷ்) நான் சொல்வதற்கெல்லாம் இருபத்து நான்கு மறுப்புகளை எழுப்புவார், நான் இருபத்து நான்கு விடைகளைத் தருவேன், அப்படித்தான் சட்டம் விரிந்தது, நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா?" என்று கேட்டு, நண்பனின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே அலைந்தார் என்று தல்மூத் சொல்கிறது. இருவர் அமர்ந்து தோராவின் சொற்களைப் பேசிக்கொண்டால் அவர்களுக்கிடையே கடவுளின் பிரசன்னம் தங்குகிறது என்று, தல்மூதுக்கு அடிப்படையான பழைய தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. தனியாகப் படிப்பவருக்கும் பலன் உண்டு என்று அந்தப் பகுதி சேர்த்துச் சொன்னாலும், உங்கள் இப்போதைய நிலையில் உங்களோடு வாதிட ஒருவர் இருப்பது மிக முக்கியம். உங்கள் ரப்பியிடமோ தொழுகைக்கூடத்திலோ கேட்டு, உங்களைவிடச் சற்று அதிகம் படித்த, உங்களிடம் தயங்காமல் "இல்லை" என்று சொல்லக்கூடிய ஒரு பெண்ணைத் துணையாகத் தேடுங்கள்.

எவ்வளவு படிப்பது என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பி மெயிர் ஷாபிரோ 1923இல் வியன்னாவில் முன்மொழிந்த நாளுக்கோர் ஏடு என்னும் திட்டத்தின்படி, 2,711 ஏடுகளையும் முடிக்க ஏழரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகும். உலகெங்கும் பல்லாயிரம் பேரை ஒரே பக்கத்தில் இணைக்கும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் தொடக்க நிலையில் அந்த வேகம் உங்களுக்கு வேண்டாம். வாரத்திற்குரிய தோராப் பகுதியை இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரையோடு படியுங்கள், கல்வித் துணையோடு வாரம் ஓரிரு மிஷ்னாக்களை விவாதியுங்கள், அது போதும்.

இனி தொழுகை. தொழுகையை வெகுநேரம் நீட்டிய ராவ் ஹம்னூனாவைக் கண்ட ராவா, நித்திய வாழ்வை (தோராக் கல்வியை) விட்டுவிட்டு இவர்கள் தற்காலிக வாழ்வில் (தொழுகையில்) ஈடுபடுகிறார்களே என்று வருந்தினார். அதற்குத் தல்மூத் தரும் சமாதானம், தொழுகைக்கு ஒரு நேரம், தோராவுக்கு ஒரு நேரம் என்று ஹம்னூனா கருதினார் என்பதுதான். நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டில் நீங்கள் அறிந்த உருக்கத்திற்கு உரிய இடம் தொழுகை நேரம். பாட்டியின் பதிகங்களை யூதத் தொழுகைக்குள் கொண்டுவர முடியாது. இதை நான் மென்மையாக்கிச் சொன்னால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஆனால் அழத் தெரிந்த உங்கள் மனத்தையும், உங்கள் தாய்மொழியையும் யாரும் வெளியே நிறுத்தவில்லை. ஷெமா என்னும் நம்பிக்கை அறிக்கையையும் தொழுகையையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னாவே அனுமதிக்கிறது. பிரெஸ்லாவின் ரப்பி நாஹ்மான் தம் சீடர்களிடம், நாள்தோறும் ஒரு மணி நேரம் தனித்திருந்து, தாம் அன்றாடம் பேசும் மொழியிலேயே கடவுளிடம் மனம்விட்டுப் பேசச் சொன்னார், ஏனெனில் பழக்கமில்லாத மொழியில் நெஞ்சில் உள்ளதைக் கொட்ட இயலாது. தொழுகைப் புத்தகத்தின் எபிரேயத்தைக் கைவிடாதீர்கள். அதை முடித்த பிறகு பத்து நிமிடம் மதுரைத் தமிழிலேயே பேசுங்கள். சங்கீதங்கள் என்னும் எபிரேய வேதப் பாடல்களைத் தமிழில் வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் வறட்சியைப் பற்றியே கடவுளிடம் முறையிடுங்கள். சங்கீதங்களில் பல அத்தகைய முறையீடுகள்தாம்.

"எங்கள் முன்னோரின் கடவுளே" என்று சொல்லக் கூசுவதாக எழுதியிருக்கிறீர்கள். யூத சமயத்தில் சேர்ந்த ஓபதியா என்பவர் இதையே பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதிஸிடம் கடிதம் எழுதிக் கேட்டார். எல்லாவற்றையும் எதையும் மாற்றாமல் சொல்லுங்கள் என்று விடை வந்தது. ஆபிரகாமின் வழியில் சேர்ந்தவர் எவரும் ஆபிரகாமின் பிள்ளையே என்று விளக்கிய மைமோனிதிஸ், உங்கள் வம்சத்தை இழிவாக எண்ணாதீர்கள், எங்கள் வழிமுறை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வரை போகிறதென்றால், உங்கள் வழிமுறை ஒரு சொல்லால் உலகைப் படைத்தவர் வரை போகிறது என்று எழுதினார். இந்தக் கடிதத்தின் மொழிபெயர்ப்பை உங்கள் ரப்பியிடம் கேட்டு வாங்கி முழுமையாகப் படியுங்கள்.

கடைசியாக, சமய நீதிமன்றம். சேர வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தல்மூதின் யெவாமோத் பகுதி, 47ஆம் ஏட்டில் வகுத்திருக்கிறது. இஸ்ரவேலர் துன்புறுத்தப்பட்டும் ஒடுக்கப்பட்டும் இருப்பது தெரிந்தும் ஏன் வருகிறீர்கள் என்று முதலில் கேட்பார்கள். "தெரியும், ஆனாலும் எனக்குத் தகுதி போதாது" என்று அவர் சொன்னால் உடனே ஏற்றுக்கொண்டு, எளிய கட்டளைகளில் சிலவற்றையும் கடினமான கட்டளைகளில் சிலவற்றையும் சொல்லித் தருவார்கள். அறுவடையின்போது உதிர்ந்த கதிரையும் மறந்துவிட்ட கதிர்க்கட்டையும் வயலின் ஓரத்தையும் ஏழைகளுக்கு விடாமல் போவது குற்றம் என்பதையும் அப்போதே அறிவிப்பார்கள். அந்தப் பட்டியலில் என்ன உணர்ந்தீர்கள் என்ற கேள்வி இல்லை. ஏழையின் பங்கும் அண்டை வீட்டுக்காரரின் மாடும் உங்கள் பொறுப்பு என்று ஏற்கிறீர்களா என்பதே அங்கே கேட்கப்படும். அதற்கு மனமார "ஆம்" என்று சொல்ல முடியுமானால் நீங்கள் தாராளமாகப் போகலாம். போவதற்கு முன், எனக்கு எழுதியதை ஒன்றுவிடாமல் உங்கள் ரப்பியிடமும் சொல்லிவிடுங்கள். நாளைத் தள்ளிவைப்பதா வேண்டாமா என்பதை உங்களை அருகிலிருந்து பார்க்கும் அவரோடு சேர்ந்து முடிவு செய்வதே முறை.