இங்கிலாந்துக் கால்வாய்கள்: பணம் யாருடையது, பராமரிப்பு யார் பொறுப்பு? – கேள்வி பதில்

நேரோபோட்டிலேயே (கால்வாயில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகு) குடியிருப்பவன் என்ற முறையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களின் நிர்வாகமும் பணமும்தான் இன்றைய பேச்சு. எந்த ஊர் அழகு, எந்தப் பப்பில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற கேள்விகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

லெஸ்டரிலிருந்து: அண்ணா, இந்தக் கால்வாய்கள் அரசாங்கத்துடையவையா, தனியாருடையவையா?

பெரும்பகுதி ஒரு அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. 1948-ல் போக்குவரத்து நாட்டுடைமை ஆனபோது பெரும்பாலான கால்வாய்கள் அரசிடம் போயின. பின்னாளில் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனம் அவற்றைப் பார்த்துக்கொண்டது. 2012 ஜூலையில் அந்தப் பொறுப்பு கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு மாறியது. சுமார் 2,000 மைல் நீர்வழி அவர்கள் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்து மட்டும் தன் கால்வாய்களை அரசு அமைப்பாகவே வைத்துக்கொண்டது.

எல்லாமே டிரஸ்டுடையது என்று நினைக்காதீர்கள். லண்டனின் மேற்கே டெடிங்டனுக்கு மேலே தேம்ஸ் நதி, அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியிடம் இருக்கிறது. பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் தனியாருடையது. 2025 புத்தாண்டு அன்று டன்ஹாம் மாஸி பக்கம் அதன் கரை உடைந்தபோது பலரும் டிரஸ்டைத் திட்டித் தீர்த்தார்கள். யாரைத் திட்டுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

ஹாரோவிலிருந்து: வீட்டு வாடகை கட்டுப்படியாகேல்லை அண்ணை. ஒரு படகு வாங்கி லண்டனிலையே இருந்தால் காசு மிச்சம்தானே?

மிச்சம் என்று நம்பி இறங்காதீங்கோ தம்பி. லைசென்ஸுக்கே வருஷம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகும். காப்புறுதி, நாலு வருஷத்துக்கு ஒருக்கால் பாதுகாப்புச் சான்றிதழ், டீசல், விறகு, எரிவாயு, சில வருஷத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு என்று எல்லாம் சேரும். நிரந்தரப் படகிடம் (படகைக் கட்டி வைக்கிற சொந்த இடம்) இல்லையென்றால் பதினாலு நாளைக்கு ஒருக்கால் இடம் மாற வேணும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் இதை முதலில் யோசியுங்கோ.

ஒரு எச்சரிக்கை எல்லாருக்கும் பொது: படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, இரும்புத் தகட்டின் தடிமனை அளந்து பார்க்கும் சர்வே இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து: டிரஸ்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அரசு மானியம் குறைகிறது என்கிறார்களே, எவ்வளவு?

இதுதான் இன்றைக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டுக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கும் அமைப்பு இது. வருமானம் பல வழிகளில் வருகிறது. அரசு மானியம் ஒன்று. 2012-ல் கைமாறிய நிலம், கட்டிடம் முதலிய சொத்துகளின் வருமானம் இன்னொன்று. கரைப்பாதைக்கு அடியில் ஓடும் கண்ணாடி இழைக் கம்பிகளுக்கு வாடகை உண்டு. தண்ணீரை விற்றும் பணம் வருகிறது. பிரிஸ்டல் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி, குளோஸ்டர் – ஷார்ப்னெஸ் கால்வாய் வழியாகப் போவதுதான். படகுக்காரர்கள் தரும் லைசென்ஸ், படகிடக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைத் தொடாது.

இப்போது மானியத்துக்கு வருவோம். 2012-ல் போட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் 2027-ல் முடிகிறது. அதன் கடைசிக் கட்டத்தில் ஆண்டுக்கு 5 கோடியே 26 லட்சம் பவுண்டு வருகிறது. விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது. 2023 ஜூலையில் அரசு, 2027-க்குப் பின் வரும் பத்தாண்டுக்கு 40 கோடியே 10 லட்சம் பவுண்டு என்று அறிவித்தது. கேட்கும்போது பெரிய தொகைதான். பிரித்துப் பாருங்கள்: முதலாண்டு 5 கோடி, பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் வெட்டு. பத்தாவது ஆண்டில் மிஞ்சுவது 3 கோடியே 15 லட்சம் அளவுக்குத்தான். இடையில் இரும்பும் மரமும் கூலியும் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மொத்த இழப்பு 30 கோடி பவுண்டு என்று டிரஸ்டே கணக்குச் சொல்கிறது.

இந்த வெட்டு தண்ணீரில் எப்படித் தெரியும் என்று கேட்டால், ஒரு லாக் கதவைப் பாருங்கள். லாக் என்பது மேடு பள்ளத்தில் படகை ஏற்றி இறக்க இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. கதவு ஓக் மரத்தில் செய்தது. வேக்ஃபீல்டு பக்கம் ஸ்டான்லி ஃபெரி பட்டறையில் ஒவ்வொரு லாக்குக்கும் தனி அளவெடுத்துச் செய்கிறார்கள். சுமார் 25 ஆண்டு உழைக்கும். மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் மரம் தேய்ந்து, சுவரோடு பொருந்தும் விளிம்பில் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பிக்கும். கீழே இறங்கும் படகு லாக்கில் இருக்கிறது, அடிமதகைத் திறந்துவிட்டீர்கள், தண்ணீர் வெளியே போகிறது. ஆனால் மேல்கதவின் ஒழுக்கு அதே வேகத்தில் உள்ளே வருகிறது. இரண்டு பக்கமும் மட்டம் சமமாகாத வரை கீழ்க்கதவு அசையாது. கதவைத் தள்ளும் நெம்புமரத்தில் இரண்டு பேர் முதுகைக் கொடுத்துத் தள்ளினாலும் கால்தான் வழுக்கும். மட்டத்தில் கடைசி ஒரு அங்குல வித்தியாசத்துக்காக அரை மணி நேரம் நிற்பார்கள், பின்னால் நாலு படகு வரிசை கட்டும். அந்த ஒழுக்கில் வீணாவது மேலே நீர்த்தேக்கத்தில் சேர்த்து வைத்த தண்ணீர்.

ஸ்டாக்போர்ட்டிலிருந்து: மழை நாடு என்று பெயர், கோடையில் கால்வாயை ஏன் மூடுகிறார்கள்?

குறுகிய லாக் ஒன்றை ஒரு முறை இயக்கினாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கீழே போய்விடும். அகல லாக்குக்கு அதுபோல இருமடங்கு. மலை முகட்டைத் தாண்டும் கால்வாய்க்கு அந்த நீரை மேலே இருக்கும் நீர்த்தேக்கங்கள்தான் தர வேண்டும். 2025-ல் வசந்தமும் கோடையும் வறண்டுபோனதால் லீட்ஸ் – லிவர்பூல், மாக்கில்ஸ்ஃபீல்டு, பீக் ஃபாரஸ்ட் போன்ற கால்வாய்களை மூடினார்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜில் டாட்புரூக் அணையின் கலிங்கு உடைந்து, ஆயிரத்தைந்நூறு பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொட்டிக் காப்பாற்றியது. அந்தத் தேக்கத்தைக் காலி செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் திரும்பக் கட்டினார்கள். அதை நம்பியிருந்த கால்வாய்களுக்கு அத்தனை ஆண்டும் அந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு பழமையான அணைகள் இவை. மானியத்தை வெட்டுகிறவர்கள் இந்த ஊருக்கு ஒருமுறை போய் அணைக்கு அடியில் நின்று பார்க்க வேண்டும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: படகில் வாழ்ந்தால் செலவு குறையுமா அண்ணா?

ஹாரோ தம்பிக்குச் சொன்ன பதிலேதான்.

பாத் பக்கத்திலிருந்து: எனக்கு நிரந்தரப் படகிடம் இல்லை. லைசென்ஸில் கூடுதல் கட்டணம் போடுகிறார்கள். இது நியாயமா சார்?

நியாயமில்லை என்பது என் கருத்து. முதலில் விவரம். 1995-ம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, லைசென்ஸ் கேட்பவருக்கு நிரந்தரப் படகிடம் இருக்க வேண்டும், அல்லது அவர் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். எந்த இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நியாயமான காரணம் இருந்தால் தவிர. இத்தனை மைல் போக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் டிரஸ்டுக்கும் படகுக்காரர்களுக்கும் ஓயாத வழக்கு. இந்த இரண்டாம் வகையினருக்கு 2024 ஏப்ரலில் 5 சதவீதக் கூடுதல் கட்டணம் வந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி 2028-ல் 25 சதவீதம் ஆகும் என்பது திட்டம். அகலப் படகுக்கும் தனியாக ஏற்றம் உண்டு. அகலப் படகில் ஊர்சுற்றிக் குடியிருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து விழுகிறது.

கட்டணம் போடும் அதிகாரம் டிரஸ்டுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. சட்டம் இரண்டு வழியையும் சமமாக வைத்திருக்கும்போது ஒரு வழியை மட்டும் விலை ஏற்றுவது சரியில்லை என்கிறேன்.

நார்தாம்ப்டனிலிருந்து, மேலே உள்ளதற்கு மறுப்பு: நான் மரினாவுக்கு (படகு நிறுத்தும் துறை) ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறேன். அவர்கள் கரையில் ஓசியில் நிற்கிறார்கள். தண்ணீர்க் குழாய், கழிவு கொட்டும் இடம், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் வருடம் முழுக்க உபயோகிக்கிறார்கள். கூடக் கட்டினால் என்ன?

வசதிகளை அவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கட்டும் ஆயிரங்கள் டிரஸ்டுக்குப் போகவில்லை ஐயா. மரினா முதலாளிக்குப் போகின்றன. டிரஸ்டோடு இணைப்பு ஒப்பந்தம் உள்ள மரினா, படகிடங்களிலிருந்து கிடைக்கக்கூடிய வருமானத்தில் 9 சதவீதத்தைக் கொடுக்கிறது. மீதி உங்கள் மின் இணைப்புக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இரவில் பூட்டும் கேட்டுக்குமான விலை. அதைக் கால்வாய்க்குக் கொடுத்த பணமாகக் கணக்கு வைக்கக் கூடாது.

நார்தாம்ப்டன், மறுபடியும்: 9 சதவீதமும் பணம்தானே? அவர்கள் அதைக்கூடக் கொடுப்பதில்லையே.

கொடுப்பதில்லை, சரி. அதற்குச் சமமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால், எந்த வசதிக்கு எவ்வளவு செலவு என்று கணக்கைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். கோடையில் மரினாவிலிருந்து கிளம்பி மூன்று வாரத்தில் நூறு லாக் ஏறி இறங்கும் படகும் கதவைத் தேய்க்கிறது, தண்ணீரை இறக்குகிறது. பதினாலு நாளுக்கு ஒருமுறை நாலு மைல் நகரும் படகு அதைவிடக் குறைவாகவே தேய்க்கும். பயன்பாட்டை வைத்துக் கட்டணம் என்றால் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

நாட்டிங்ஹாமிலிருந்து: நானும் குறுக்கே வருகிறேன். குளிர்காலத்தில் ஆள் இல்லாத இடங்களில் கரை சரிவதையும் மரம் விழுவதையும் முதலில் பார்த்துச் சொல்பவர்கள் ஊர்சுற்றிகள்தானே?

ஆமாம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரவில் தண்ணீர் மட்டம் இறங்கினால் முதலில் சாய்வது அவர்கள் படுக்கை. அவசர எண்ணுக்கு அழைப்பதும் அவர்கள்தான்.

இந்தச் சண்டை இன்னும் பத்துக் கடிதமாக நீண்டது, எல்லாவற்றையும் போடப்போவதில்லை. சுமார் 35,000 படகுகள்தான் இந்தத் தண்ணீரில் இருக்கின்றன. அவர்களிடம் கட்டணத்தை ஏற்றியே அரசு விடும் ஓட்டையை அடைத்துவிட முடியாது. அதற்குள் மரினாக்காரரும் ஊர்சுற்றியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பது கருவூலத்துக்குத்தான் வசதி. கோபத்தை நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் காட்டுங்கள்.

ரெடிங்கிலிருந்து: கரைப்பாதையில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஏன் காசு கொடுப்பதில்லை?

வசூலிக்க வழியில்லை, வசூலிக்கவும் கூடாது. ஊருக்கு நடுவில் லட்சக்கணக்கானோர் இலவசமாக நடக்கும் பாதை அது. அதனால்தான் பொதுப்பணம் தேவை என்கிறேன். படகில்லாதவர்களுக்கும் வெள்ள வடிகாலாக, பூங்காவாக, குடிநீர் வழியாகப் பயன்படும் ஒன்றைப் படகுக்காரன் தலையில் கட்டமுடியாது.

டார்பியிலிருந்து: போர்டுகளுக்குச் செலவழிக்கிற பணத்தைக் கதவுக்குப் போடலாமே?

2018-ல் அன்னப்பறவைச் சின்னத்தை எடுத்துவிட்டு, கால்வாயை உடல்நலத்துக்கான இடமாக முன்னிறுத்திப் புதுச் சின்னமும் நீலப் பலகைகளும் வந்தபோது எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. படகு என்ற சொல்லே அவர்கள் விளம்பரத்தில் பின்னால் போய்விட்டது. ஆனாலும் போர்டுக் காசு சில்லறை, கதவுக்கும் அணைக்கும் வேண்டியது கோடிகள்.

குரோய்டனிலிருந்து: படகு வாழ்க்கை மலிவா? ஒரு நண்பர் விற்கிறார், உடனே பணம் கேட்கிறார்.

மூன்றாவது முறையாக: மலிவில்லை. உடனே பணம் கேட்பவரிடம் சர்வே முடியட்டும் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத நண்பரிடம் படகு வாங்காதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து: கால்வாய்க்கும் தேம்ஸுக்கும் ஒரே லைசென்ஸ் உண்டா?

கோல்டு லைசென்ஸ் என்று கேளுங்கள். டிரஸ்டின் நீர்வழிகளுக்கும் என்விரான்மென்ட் ஏஜென்சியின் நதிகளுக்கும் சேர்த்துத் தருவார்கள்.

வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து: சாதாரண ஆள் என்ன செய்ய முடியும் அண்ணா?

இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் 1946-லிருந்து இருக்கிறது. கால்வாய்களை மூடி மண்ணடிக்க இருந்த காலத்தில் எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். 2023-ல் பல அமைப்புகள் சேர்ந்து ஃபண்ட் பிரிட்டன்ஸ் வாட்டர்வேஸ் என்ற கூட்டணியைத் தொடங்கின. நிரந்தரப் படகிடம் இல்லாதவர்களுக்கு நேஷனல் பார்ஜி டிராவலர்ஸ் அசோசியேஷன் தனியாகப் பேசுகிறது. எதில் சேர்ந்தாலும் சரி. டிரஸ்டின் கவுன்சிலுக்குப் படகுக்காரர்கள் வாக்களித்துப் பிரதிநிதி அனுப்பும் தேர்தலும் உண்டு. அதில் ஓட்டுப் போடாமல் குறை மட்டும் சொல்பவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக லூட்டனிலிருந்து: படகோடு லைசென்ஸும் கைமாறுமா?

மாறாது. உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் படகோடு வரும், அதன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சர்வே.