வலையில மாட்டுறது வாஸ்கோட காமா கப்பலா?

கேள்வி: எங்க ஊரு நீரோடி, அந்தப் பக்கம் கேரளா. அப்பா வலை ஒரு எடத்துல அடிக்கடி மாட்டுது, பழைய கப்பல்ங்குறாங்க. வாஸ்கோட காமாவோடதா சார்? எப்படித் தேடுவாங்க?

பதில்: ஆசை நல்லாத்தான் இருக்கு தம்பி! ஆனா காமா கூட்டத்து எஸ்மரால்டாங்குற கப்பல் 1503-ல மூழ்கினது ஓமன் பக்கம், அல் ஹல்லானியா தீவுகிட்ட, அதுவும் காத்து வருது எடத்த மாத்துங்கன்னு உள்ளூர் மீனவங்க சொல்லியும் கேக்காம (எப்பவும் இதே கததான்). 1998-ல எடம் தெரிஞ்சு, 2013-லதான் முறையா தோண்ட ஆரம்பிச்சாங்க. மரத்த கடல்புழு தின்னுடும், அதனால இரும்பு கெடக்கான்னு படகுல மேக்னட்டோமீட்டர இழுத்துட்டே போவாங்க, சோனார்ல, அதாவது சத்தத்த அனுப்பி எதிரொலிய வாங்குற கருவில, கடல் தரைய பாப்பாங்க, அப்புறம் டைவர் எறங்கணும். ஓமன்ல அந்த எடத்துல வெண்கல மணி, பீரங்கிக் குண்டெல்லாம் கெடச்சுது. உங்க எடம் வெறும் பாறையாவும் இருக்கலாம், எதுக்கும் ஜிபிஎஸ்ல குறிச்சு வைக்கச் சொல்லுங்க.