லைட்டர் காட்டுறது டெஸ்ட் இல்லீங்க: தீ பாதுகாப்பு கேள்வி-பதில்

இந்த தடவை வந்ததுல பாதி வண்ணாரப்பேட்டை, கொடுங்கையூர் பக்கம், நேரா போயிடலாம்.

710 மரைன் ப்ளை போட்டா தீ பிடிக்காதுல்ல சார்? (பெரம்பூர்)

பிடிக்கும். ஐ.எஸ்.னா இந்தியன் ஸ்டாண்டர்டு, தர நம்பர். ஐ.எஸ். 710 தண்ணிக்கு. தீக்கு ஐ.எஸ். 5509. ப்ளை மேல அடிச்சிருக்குற நம்பர படிங்க, கடைக்காரர் வாய பாக்காதீங்க.

எந்த மெட்டீரியல் சேஃப்? சீக்கிரம் சொல்லவும்.

எதுக்குங்க? சுவருக்கா, சீலிங்குக்கா, கதவுக்கா, எத்தனை மாடி? ஒண்ணுமே எழுதாம கேட்டா என்னத்த சொல்றது. விவரமா திரும்ப எழுதுங்க.

ஷீட் வீடு, வெயில் தாங்கல, தெர்மாகோல் சீலிங் அடிக்கலாமா அண்ணா? (கொடுங்கையூர்)

வேணாம்மா. தெர்மாகோல் 100 டிகிரி பக்கத்துலயே சுருங்கிடும், பத்திக்கிச்சுன்னா எரியுற சொட்டா கீழ விழும், கீழ உங்க கேஸ் அடுப்பு இருக்கு, பிள்ளைங்க படுக்குற பாய் இருக்கு. 2004ல கும்பகோணத்துல கீத்துக்கொட்டகை பத்தி 94 பிள்ளைங்க போனது மறக்குற விஷயமா? ஷீட்டு மேல வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிங்க, உள்ள ஜிப்சம் போர்டு போடுங்க. ஜிப்சம் எடையில அஞ்சுல ஒரு பங்கு தண்ணிதான், அது ஆவியாகி முடியுற வரைக்கும் பின்பக்கம் பெருசா சூடேறாது. முதல்ல ஷீட்டு ஒழுகுதான்னு பாத்துடுங்க, நனைஞ்சா போர்டு ஊறி தொங்கிடும்.

எம்.சி. ரோட்ல மூணு மாடி ஜவுளிக்கடை, முன்பக்கம் முழுக்க ஏ.சி.பி. (நடுவுல பிளாஸ்டிக், ரெண்டு பக்கமும் அலுமினியம் தகடு ஒட்டின ஷீட்டு). டீலர் லைட்டர் வச்சு காட்டினார், பத்தல. வி-0 சர்டிபிகேட்டும் குடுத்தார். போதுமா?

போதாது. இந்த லைட்டர் வித்தைய பாத்து பாத்து எனக்கு ஆத்தாமையே வந்துடுச்சு. லைட்டர எங்க காட்டினாங்க? பளபளன்னு இருக்குற முகத்துலதானே? அது அலுமினியம், அரை மில்லிமீட்டர் தகடு, லைட்டருக்கு எப்படி பத்தும்? ஷீட்ட அறுத்து ஓரத்த பாருங்க, ரெண்டு தகட்டுக்கு நடுவுல மூணு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கும். அது வெறும் பாலிஎத்திலீனா இருந்தா மெழுகுவத்தி மாதிரி உருகி, எரிஞ்சுக்கிட்டே சொட்டும். போன வருஷம் ஒரு கடையில என் கண்ணு முன்னாடியே அறுத்த துண்டோட ஓரத்துல நெருப்பு வச்சேன், சொட்டு விழுந்து தரையில கிடந்த அட்டைப்பெட்டி பத்திக்கிச்சு, அந்த ஷீட்டுக்கும் "எஃப்.ஆர்."னு (ஃபயர் ரிடார்டன்ட், அதாவது தீ சீக்கிரம் பரவாதுன்னு) ஸ்டிக்கர் இருந்துச்சு.

வி-0ங்கிறது யு.எல். 94 டெஸ்ட். அஞ்சு இஞ்ச் பிளாஸ்டிக் குச்சிய தொங்கவிட்டு பத்து பத்து செகண்ட் ரெண்டு தடவை சுடர் காட்டுவாங்க, சுவிட்ச், டி.வி. பாகத்துக்கான டெஸ்ட் அது. கட்டட முகப்புக்குன்னு பி.எஸ். 8414 இருக்கு, எட்டு மீட்டருக்கு மேல சுவர் கட்டி ஷீட்டு, இன்சுலேஷன், காத்துப்போற இடைவெளி எல்லாத்தையும் சேத்து எரிச்சு பாப்பாங்க. ஏன்னா தீ ஓடுறது அந்த இடைவெளியிலதான். லண்டன் கிரென்ஃபெல் டவர்ல, 2017 ஜூன்ல, நாலாவது மாடி கிச்சன்ல ஃப்ரிட்ஜ்ல ஆரம்பிச்ச தீ வெளிய இருந்த பாலிஎத்திலீன் ஷீட்ட பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் போல 24 மாடி உச்சிக்கு போச்சு, 72 பேர் செத்தாங்க.

உங்க கடையில துணி வேற அடுக்கியிருக்கும். ஏ2 கிரேடு (நடுவுல கிட்டத்தட்ட எரியாத பொருள் இருக்குற வகை) கேளுங்க, விலை கூடத்தான் வரும். ரிப்போர்ட்ல என்ன டெஸ்ட், எந்த தடிமன், எப்படி மாட்டி டெஸ்ட் பண்ணாங்கன்னு மூணையும் படிங்க. ஸ்டிக்கர் ரிப்போர்ட் இல்ல.

எஃப்.ஆர். ஒயர், எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். ஒயர், எது? (ராயபுரம்)

ரெண்டாவது. அதுல புகையும் ஆசிட் வாயுவும் கம்மியா வரும். வெறும் எஃப்.ஆர்.னா தீ ஒயர் வழியா பரவறது குறையும், அவ்ளோதான், புகைய அது தடுக்காது, பி.வி.சி. புகையில ஆசிட் இருக்கு, தீ விபத்துல நிறைய பேர் சாகுறதே புகையிலதான். இதுலயும் ஐ.எஸ். நம்பர பாத்து வாங்குங்க.

ரெண்டு மணி நேர ஃபயர் டோர் போட்டாச்சு. காத்து வரட்டும்னு கல்லு வச்சு திறந்தே வச்சிருக்கோம், பரவால்லயா?

தீய ரெண்டு மணி நேரம் தடுக்கும்ங்கிறது மூடியிருக்குற கதவுக்கு சொன்ன கணக்கு. இன்னைக்கே கல்ல எடுங்க, க்ளோசர் தானா கதவ இழுத்து மூடுதான்னு பாருங்க.