அயர்லாந்து ஒன்றானால் என் வீடு, விசா, பென்ஷன் என்னாகும்?

வாசகி ஒருவரின் கேள்வி: "நானும் கணவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து பெல்ஃபாஸ்டில் இருக்கிறோம். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், ஸ்கில்டு வொர்க்கர் விசா. வந்து மூன்றரை வருடம் ஆகிறது. சீக்கிரம் முதல் குழந்தை பிறக்கப்போகிறது. வீடு வாங்கலாம் என்று பார்த்தால், கூட வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். வட அயர்லாந்து தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசோடு சேர்ந்துவிடுமாம், யூரோ வந்துவிடுமாம், இலவச அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். போய்விடுமாம், எங்கள் விசா என்னாகும் என்று யாருக்கும் தெரியாதாம். வாங்கலாமா, பொறுக்கலாமா?"

வாங்குங்கள். வேறு காரணங்களுக்காகத் தள்ளிப்போட்டால் அது உங்கள் கணக்கு. இணைப்புப் பேச்சுக்காக மட்டும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் நண்பர்கள் சொல்வது வெறும் வதந்தியும் இல்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது, கட்சி இருக்கிறது, கணிசமான ஓட்டும் இருக்கிறது. இல்லாதது தேதியும் திட்டமும்தான்.

முதலில் சட்டம். 1921-ல் தீவு இரண்டாகப் பிரிந்தபோது வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. முப்பது ஆண்டு ரத்தக்களரிக்குப் பிறகு 1998 ஏப்ரல் 10-ல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம், வட அயர்லாந்து யாரோடு இருக்க வேண்டும் என்பதை அங்குள்ள மக்களின் பெரும்பான்மைக்கு விட்டுவிட்டது. அதே ஆண்டு வந்த வட அயர்லாந்துச் சட்டத்தின்படி, இணைப்புக்குப் பெரும்பான்மை கிடைக்கும் வாய்ப்பு இருப்பதாக லண்டனில் உள்ள வட அயர்லாந்து அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். இதைத்தான் இங்கே எல்லோரும் 'பார்டர் போல்' என்கிறார்கள். ஒரு முறை நடத்தினால் அடுத்ததற்கு ஏழு ஆண்டு இடைவெளி விட வேண்டும். தெற்கிலும் மக்கள் தனியாகச் சம்மதிக்க வேண்டும். அயர்லாந்து அரசியல் சாசனத்தின் 3-ம் பிரிவு அதைச் சொல்கிறது.

எதைப் பார்த்து அமைச்சருக்கு 'தோன்ற' வேண்டும்? கருத்துக்கணிப்பா, தேர்தல் முடிவா, மக்கள்தொகைக் கணக்கா? சட்டத்தில் இல்லை. அளவுகோலை வெளியிடச் சொல்லி பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் ஒருவர் வழக்கே போட்டார். அப்படி ஒரு கொள்கையை வகுத்து வெளியிடும் கட்டாயம் அமைச்சருக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. 'இன்னும் ஐந்து வருடத்தில்' என்று உங்கள் வார்டில் யாராவது அடித்துச் சொன்னால், அது அவர் ஆசை அல்லது அவர் பயம்.

இந்தப் பேச்சு சூடு பிடித்தது பிரெக்ஸிட்டால். 2016-ல் வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே ஓட்டுப் போட்டார்கள். ஆனாலும் வெளியே வர வேண்டியதாயிற்று. இணைந்தால் வட அயர்லாந்து தானாகவே ஒன்றியத்துக்குள் வந்துவிடும் என்று ஐரோப்பியத் தலைவர்கள் 2017-லேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனி 1990-ல் வந்த வழி அது. 2021 கணக்கெடுப்பில், பொதுவாக இணைப்பை ஆதரிப்பவர்களாகக் கருதப்படும் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. பிரிவினை நடந்ததிலிருந்து முதல் முறையாகத் தராசு சாய்ந்தது. 2022 சட்டமன்றத் தேர்தலில் இணைப்பைக் கோரும் சின் ஃபெய்ன் கட்சி 27 இடங்களுடன் முதலிடம் பிடித்தது. 2024 பிப்ரவரியில் அந்தக் கட்சியின் மிஷேல் ஓ'நீல் முதல்வரானார். பிரிட்டனோடு நீடிக்க விரும்பும் யூனியனிஸ்டுகளுக்கு வசதியாக எல்லைக்கோடு போட்டு உருவாக்கிய பிரதேசம் இது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அதிர்ச்சி புரியும்.

ஆனால் கத்தோலிக்கர் எல்லோரும் இணைப்புக்கு ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறவர் இந்த ஊரைச் சரியாகப் பார்க்காதவர். ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகை 2022 இறுதியில் ஆய்வாளர்களோடு சேர்ந்து எடுத்த கணிப்பில் வடக்கில் இணைப்புக்கு ஆதரவு 27 சதவீதம், எதிர்ப்பு 50. பிறகு ஆதரவு மெல்ல ஏறி முப்பதுகளின் நடுவுக்கு வந்திருக்கிறது, எதிர்ப்பு ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது. வேறு நிறுவனங்களின் இணையவழிக் கணிப்பில் ஆதரவு நாற்பது வரை போகிறது. எந்தக் கணிப்பைக் கையில் எடுத்தாலும், அமைச்சர் சட்டப்படி வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டும் என்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை. தெற்கில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 'வேண்டும்' என்கிறார்கள். கொஞ்சம் வரி கூடலாம், கொடியையும் தேசிய கீதத்தையும் மாற்ற வேண்டி வரலாம் என்று சொன்னால் அந்த உற்சாகம் இறங்கிவிடுகிறது. சின் ஃபெய்ன் 2030-ஐக் குறி வைக்கிறது. டப்ளினில் பிரதமராக இருக்கும் மீஹால் மார்ட்டின் தேதி பேசவே விரும்புவதில்லை. 'பகிர்ந்த தீவு' என்று சாலை, பாலம், பல்கலைக்கழகக் கட்டடம் ஆகியவற்றுக்குப் பணம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, வீட்டுக்கு வருவோம். பிரிட்டனில் வீட்டுக் கடன் வட்டி விகிதத்தைப் பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து வருடத்துக்குத்தான் நிலையாக வைப்பார்கள். நாளைக்கே வாக்கெடுப்பு அறிவித்து அதில் இணைப்பு ஜெயித்தாலும், இரண்டு அரசுகளும் பேசி, இரண்டு நாடாளுமன்றங்களும் சட்டம் இயற்றி, நாணயம் மாறுவதற்குள் உங்கள் முதல் வட்டி ஒப்பந்தம் முடிந்துவிட அதிக வாய்ப்பு உண்டு. இணைந்தால் யூரோ வரும், அதில் சந்தேகமில்லை. பவுண்டில் உள்ள பழைய கடன்களை எப்படி மாற்றுவது என்பதை அந்தச் சட்டம்தான் சொல்ல வேண்டும். சம்பளம் யூரோவிலும் கடன் பவுண்டிலும் மாட்டிக்கொள்வதுதான் இதில் உண்மையான ஆபத்து. லட்சக்கணக்கான ஓட்டர்களுக்கு அதே தலைவலி இருக்கும்போது எந்த அரசும் அதைக் கண்டுகொள்ளாமல் விடாது என்பது என் கணிப்பு. விலை ஏறுமா இறங்குமா? டப்ளினோடு ஒப்பிட்டால் பெல்ஃபாஸ்டில் வீடு மிக மலிவு. இணைப்பு அந்த இடைவெளியைக் குறைக்கும் என்று வாதிடுபவர்களும் உண்டு, குழப்பம் விலையைத் தள்ளிவிடும் என்பவர்களும் உண்டு. இரண்டையும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

என்.எச்.எஸ். பயத்தில் நியாயம் இருக்கிறது. இணைப்புக்கு எதிராக யூனியனிஸ்டுகள் எடுக்கும் கூர்மையான ஆயுதமே அதுதான். தெற்கில் அரசு தரும் மருத்துவ அட்டை இல்லாதவர் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போனாலே 50, 60 யூரோ எடுத்து வைக்க வேண்டும். வடக்கில் அதுவும் இலவசம், மருந்துச் சீட்டும் இலவசம். ஆனால் வட அயர்லாந்தின் காத்திருப்புப் பட்டியல் பிரிட்டனிலேயே மோசம். அதை நீங்கள் உள்ளேயிருந்தே பார்க்கிறீர்கள். இதற்கிடையே இரண்டு அமைப்புகளும் சத்தமில்லாமல் ஒட்ட ஆரம்பித்துவிட்டன. வடக்கில் டெர்ரியின் ஆல்ட்னகெல்வின் மருத்துவமனையில் தெற்கின் டோனிகால் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. பெல்ஃபாஸ்ட் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சை டப்ளினில் நடக்கிறது. இணைந்தால் எந்த முறை மிஞ்சும் என்று எந்த அரசும் இதுவரை எழுதித் தரவில்லை. வாக்கெடுப்புக்கு முன்பே அதை எழுதிக் காட்ட வேண்டும் என்பதுதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கூடிய ஆய்வுக் குழு 2021-ல் வலியுறுத்திய விஷயம். என் கருத்தும் அதுவே. திட்டமே இல்லாமல் ஆம்-இல்லை கேட்டால் என்ன நடக்கும் என்பதை 2016 காட்டிவிட்டது.

செலவு பற்றிய சண்டையில் உங்கள் சம்பளமும் பென்ஷனும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. வட அயர்லாந்து கட்டும் வரியை விட அங்கே செலவாகும் பணம் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி பவுண்டு அதிகம். லண்டன் அதை ஈடுகட்டுகிறது. பொருளாதார நிபுணர்கள் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டும் எட்கர் மோர்கன்ராத்தும் 2024-ல் போட்ட கணக்கில் இணைப்புக்கு ஆண்டுக்கு 800 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரை ஆகும், அதுவும் இருபது ஆண்டுக்கு. டப்ளின் சிட்டி யுனிவர்சிட்டியின் ஜான் டாயில், ஆரம்பத்தில் 300 கோடி அளவில்தான் வரும், பிறகு குறையும் என்கிறார். இவ்வளவு வித்தியாசம் எப்படி? ஏற்கெனவே பிரிட்டனுக்குக் கட்டிய சந்தாவுக்கான பென்ஷனை லண்டனே தொடர்ந்து கொடுக்கும் என்று டாயில் எடுத்துக்கொள்கிறார். மற்ற இருவரின் 2,000 கோடி வருவது, வடக்கின் அரசு ஊழியர் சம்பளத்தையும் உதவித்தொகையையும் தெற்கின் அளவுக்கு உயர்த்தும்போது. தெற்கில் செவிலியருக்குச் சம்பளம் அதிகம். டப்ளின் வரிதாரருக்குச் செலவு என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு உங்கள் வங்கிக் கணக்கில் வரவு.

பென்ஷன் விஷயத்தில் ஒரு ஆறுதல்: பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் இப்போதே அயர்லாந்தில் வசிப்பவர்களுக்கு வருடாந்திர உயர்வோடு போய்ச் சேருகிறது.

விசாவுக்கு வந்தால், புனித வெள்ளி ஒப்பந்தத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வட அயர்லாந்து மக்கள் பிரிட்டிஷாகவோ ஐரிஷாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம், தீவின் நிலை மாறினாலும் அந்த உரிமை போகாது என்று அது உறுதி தருகிறது. 'மக்கள்' என்றால் அங்கே பிறந்தவர்கள். பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகனாகவோ காலக்கெடு இல்லாமல் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருந்திருக்க வேண்டும். வேலை விசாக்காரர் இதில் வரமாட்டார். பிரெக்ஸிட்டின்போது ஏற்கெனவே குடியிருந்தவர்களின் உரிமையைப் பாதுகாத்தது போல இங்கும் செய்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். வாக்குறுதி என்று சொல்ல முடியாது. உங்களை முதலில் தொடக்கூடியது வேறொன்று. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கும் யோசனையை லண்டன் அரசு 2025 மே மாதம் வெள்ளை அறிக்கையாக வைத்தது. தூக்கம் கெட வேண்டுமானால் அதை நினைத்துக் கெடட்டும். அப்புறம், எல்லையில் சாவடி இல்லை என்பதற்காக ஐரிஷ் விசா இல்லாமல் டப்ளினுக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். இரு நாடுகளுக்கும் இடையே விசா இல்லாமல் போய்வரும் பொதுப் பயண ஏற்பாடு பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும்தான். நடுவழியில் கார்டா போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பது சகஜம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. முறையான விசாவில் இருக்கும் இந்தியர், காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில், நாடாளுமன்றம், சட்டமன்றம், கவுன்சில் மூன்றுக்கும் வாக்களிக்கலாம். பார்டர் போலில் யார் வாக்களிப்பது என்பதை வாக்கெடுப்பு ஆணைதான் தீர்மானிக்கும். 2016 பிரெக்ஸிட், 2014 ஸ்காட்லாந்து என்று எந்த முன்மாதிரியை எடுத்தாலும் காமன்வெல்த்காரர் உள்ளே இருந்தார். தெற்கில் கதை வேறு: அங்கே பொது வாக்கெடுப்பு ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும், இந்தியருக்கு உள்ளாட்சித் தேர்தல் மட்டும். இப்போதுள்ள விதி மாறாவிட்டால், இணைப்புக்கு ஆதரவாக ஓட்டுப் போடும் இந்தியர் ஒருவர் அதன் மூலம் தன் நாடாளுமன்ற ஓட்டை இழப்பார்! பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே பிறந்தவர்கள் 2021-ல் 6.5 சதவீதம். நெருக்கமான போட்டியில் அது சின்ன எண் இல்லை. பாதிக்கு ஒரு ஓட்டு கூடினால் போதும் என்பதுதான் விதி. இணைப்பை விரும்பிய நேஷனலிஸ்ட் தலைவரான ஷேமஸ் மாலன்கூட, அவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் இணைப்பது ஆபத்து என்றே கடைசிக் காலத்தில் சொல்லிவந்தார்.

வீடு எந்தப் பகுதியில் என்பதில் மட்டும் கவனம். 2025 ஜூனில் வட அயர்லாந்தின் பாலிமீனாவில் வெளிநாட்டவர் வீடுகளைத் தாக்கியபோது, சில பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் 'இங்கே பிலிப்பினோ வசிக்கிறார்' என்று கதவில் ஒட்டி வைத்தன. அதே கோடையில் டப்ளினில் இந்தியர்கள் தாக்கப்பட்டு, நம் தூதரகம் எச்சரிக்கை விட்டது. ஆகவே எந்தக் கொடி பறக்கிறது என்பதால் பத்திரம் வந்துவிடாது. வாங்குமுன் அந்தத் தெருவை யூனியனிஸ்டுகளின் ஜூலை 12 ஊர்வலங்களின் வாரத்தில் ஒரு மாலை நடந்து பாருங்கள். விளம்பரத்தில் தெரியாதது அன்றைக்குத் தெரியும்.

கடைசியாகக் குழந்தை. வேலை விசாவில் உள்ள பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை பிறப்பால் பிரிட்டிஷ் ஆகாது. ஆனால் பிறப்புக்கு முந்தைய நான்கு ஆண்டில் பெற்றோரில் ஒருவர் மூன்று ஆண்டு தீவின் எந்தப் பகுதியில் முறையாக வசித்திருந்தாலும் ஐரிஷ் குடியுரிமைக்குத் தகுதி வரும். படிப்பு விசாவில் இருந்த காலம் சேராது. உங்கள் மூன்றரை வருடம் இதற்குப் போதும். ஐரிஷ் பாஸ்போர்ட் எடுத்தால் குழந்தை இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொள்ள முடியாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைதான். இந்தியக் குடியுரிமையே வேண்டுமானால் பிறந்த ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். 2025 மார்ச்சில் திறந்த இந்தியத் துணைத் தூதரகம் பெல்ஃபாஸ்டிலேயே இருக்கிறது. எதை எடுப்பதென்று இருவரும் பேசி முடிவு செய்வதற்குள், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், கவுன்சில் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் என்று மூன்று வருடத்துக்கும் ஆதாரத்தை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.