விக்டோரியா காலப் பெண் உருவப்படம், கரியில்: கேள்வி பதில்

கேள்வி: பழம்பொருள் கடையில் ஒரு பெண்ணின் படம் வாங்கினேன். விக்டோரியா காலத்துக் கரி ஓவியமாம். கையால் வரைந்ததுதானா?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் கன்னத்தையும் வாயோரத்தையும் பாருங்கள். அக்காலத்தில் போட்டோவைப் பெரிதாக்கி, அந்த மங்கலான பிம்பத்தின் மேலேயே கரி தீட்டி விற்பது பெரிய தொழில். 1857இல் அமெரிக்காவின் டேவிட் உட்வர்டு காப்புரிமை பெற்ற சோலார் கேமரா, அதாவது சூரிய ஒளியால் போட்டோவைப் பெரிதாக்கும் கருவி, அதற்கு உதவியது. அத்தகைய படத்தில் கரி படாத இடத்திலும் சீரான சாயல் தெரியும். கையால் வரைந்ததில் கரி தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டியிருக்கும். பள்ளங்கள் வெறுமையாக இருக்கும். தாடையிலோ கழுத்திலோ திருத்திய கோடுகள் தெரிந்தால் கையால் வரைந்ததற்கு இன்னும் நல்ல அடையாளம்.

கேள்வி: நெற்றியில் வெள்ளை இருக்கவேண்டிய இடம் கறுத்திருக்கிறதே, சார்?

பதில்: அது ஈய வெள்ளையாக, அதாவது ஈயத்தில் செய்த வெள்ளை நிறமியாக, இருக்கலாம். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டு ஈய சல்பைடாகிக் கறுக்கும். வெள்ளை சாக் (சுண்ணக்கட்டி) அப்படிக் கறுக்காது. பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் வல்லுநரிடம் கொடுங்கள். வீட்டில் ஒரு துளி திரவமும் வைக்காதீர்கள், கரி நகர்ந்துவிடும்.

கேள்வி: சட்டத்தில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் போடலாமா?

பதில்: கூடாது. சாதாரண அக்ரிலிக்கில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துவிடும். கண்ணாடியே போடுங்கள், அது படத்தைத் தொடாதபடி அமிலமில்லாத தடித்த மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வேண்டும். பின்னால் பழைய மரப்பலகை இருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். பழைய படத்துக்கு ஃபிக்சட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்புத் திரவம்) அடிக்கவே வேண்டாம்.

கேள்வி: அதே பாணியில் வரைய எங்கே தொடங்குவது?

பதில்: சாம்பல் அல்லது நீலச் சாயல் தாள், லேசான சொரசொரப்போடு. வில்லோ கரி (வில்லோ மரக் குச்சியை எரித்த கரி), பிசையும் ரப்பர், வெள்ளை சாக். அக்காலத்தில் ரப்பருக்குப் பதில் ரொட்டித் துணுக்கும் பயன்பட்டது. வெளிச்சம் ஒரு பக்கம், மேலிருந்து விழட்டும்.

தலையின் சாய்வை மெல்லிய கோட்டில் பிடித்தபின், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கண்குழி, மூக்கின் அடி, தாடையின் கீழ் எல்லா நிழலையும் கரித்துண்டைப் படுக்கவைத்து ஒரே திரளாகப் போடுங்கள். பலர் இமைமுடியில் தொடங்குவார்கள். அங்கேதான் முகம் கோணும்: தலையின் சாய்வு பிடிபடுமுன் கண் இடம் பிடித்துவிடுகிறது, பிறகு மற்றதெல்லாம் அதற்கு வளைகிறது. ஒளிப்பகுதிகளை ரப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கூந்தலைத் திரளாகப் போட்டு, ஓரத்தில் மட்டும் சில இழைகள் பிரிந்தால் போதும். கழுத்துப் பட்டையை முடிக்காமல் விட்டாலும் அழகுதான், இது ஆய்வு வரைவுதானே.

30 செ.மீ. தள்ளி நின்று மெல்லியதாக இரண்டு முறை ஃபிக்சட்டிவ் அடியுங்கள். வெள்ளையை அது காய்ந்தபின்தான் வைக்கவேண்டும். முன்பே வைத்தால் மங்கிவிடும். மூக்குநுனி, நெற்றி, கீழுதடு: இவ்வளவே. வெள்ளை கரியோடு கலந்தால் அழுக்கு நீலமாகும், இடையில் தாள் தெரிய விடுங்கள்.