கடன், வட்டி, பொலி: கேள்வி பதில்

வெள்ளவத்தை: ஐயா, காலைக்கடன், நேர்த்திக்கடன், வங்கிக்கடன் எல்லாம் ஒரே கடனா?

ஒரே கடன்தான். செய்தே ஆகவேண்டியது எதுவோ அது கடன். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்கிறார் பொன்முடியார், புறநானூறு 312இல். அங்கே காசுப் பேச்சே இல்லை. பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தாயின் பொறுப்பு, சான்றோனாக்குவது தகப்பன் பொறுப்பு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் பொறுப்பு. எல்லாமே கடன். சோழர் கல்வெட்டுகளில் நிலவரிக்குப் பெயர் கடமை. வாங்கிய காசைத் திருப்புவதும் தப்ப முடியாத பொறுப்புத்தானே? மலையாளத்தில் கடம், கன்னடத்தில் கட. இன்று காசுப் பொருள் மட்டும் முன்னே நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பழைய பொருளையும் சொல்லிக் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை: பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி வாங்கிப் பிறகு கொடுக்கிறோமே, அதற்குத் தனிச்சொல் உண்டா?

உண்டு, அருமையான சொல்: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது. சுண்டைத் தலைதட்டி வாங்கினால் தலைதட்டியே கொடுக்கவேண்டும், வட்டி கிடையாது. பரிசிலோடு வீடு வந்த புலவர் பெருஞ்சித்திரனார், குடும்பப் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்கிறார் (புறநானூறு 163). 221ஆம் குறளிலும் இந்தச் சொல் இருக்கிறது.

தெஹிவளை: வட்டி, வட்டத்திலிருந்து வந்ததுதானே? சுற்றிச் சுற்றி வருவதால்?

இல்லை. ஓசை ஒத்துப்போனால் மூலம் ஒன்றாகிவிடாது. பெருக்கம் என்று பொருள்படும் வடமொழி விருத்தி, பிராகிருதம் வழியாக வட்டி ஆனது. சங்கப் பாட்டில் வட்டி வந்தால் அது கூடை.

மட்டக்குளி: எல்லாத்தையும் வடமொழிக்குத் தூக்கிக் குடுக்கிறீங்கள் அண்ணா. அப்ப தமிழனுக்கு வட்டியே தெரியாதா?

தெரியும் தம்பி. கல்வெட்டுகளைப் பாருங்கள்: வட்டிக்குப் பெயர் பொலிசை, பலிசை. கோயிலில் பொன்னோ காசோ வைத்து, அதன் பொலிசையில் விளக்கெரிக்கச் சொன்னவர்கள் ஏராளம். பொலிதல் என்றால் பெருகுதல்; களத்தில் நெல் அளக்கும்போது 'பொலி, பொலி' என்பார்கள். கொழும்பில் நாம் தினமும் கேட்கிற சொல்தான். சிங்களத்தில் வட்டிக்கு என்ன பெயர்? பொலி.

மட்டக்குளி: அப்ப அவங்கள் எங்களிட்ட வாங்கினது!

சொல்லும் பொருளும் அப்படியே பொருந்துகின்றன. பொலிதல் என்ற வினை நம்மிடம் உயிரோடு இருக்கிறது. அதை வைத்துச் சண்டை வேண்டாம். விருத்தியை நாமும் வாங்கினோம்தானே? கவலைப்பட வேண்டியது வேறு: பொலிசையை நாமே கைவிட்டுவிட்டோம்.

செட்டியார் தெரு: நகை ஈடு வைக்க எந்தக் கடை நல்லது?

என் துறை அல்ல. பற்றுச்சீட்டில் வட்டி மாதத்துக்கா வருடத்துக்கா என்று மட்டும் பாருங்கள். மாதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24.

பம்பலப்பிட்டி: கடனும் கடமையும் ஒன்றா?

முதல் பதில்.

கிருலப்பனை: வட்டி என்பது வட்டம்தானே?

சொல்லியாயிற்று. ஓசையை நம்பாதீர்கள்.

வத்தளை: 'கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' கம்பனில் எந்தக் காண்டம்?

எந்தக் காண்டத்திலும் இல்லை. மேடையில் யார் சொன்னாலும், யுத்த காண்டத்தைத் திறந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.