பதில்: தராசில் நிற்காமல் குதிக்கும் கினிப் பன்றி

நேற்று 940 கிராம், இன்று 915, அதுவும் தராசில் ஒரு நொடி நிற்பதில்லை, இளைக்கிறதோ என்று கேட்டிருந்தீர்கள். 25 கிராமுக்குப் பயப்படாதீர்கள். வயிற்றில் கிடக்கும் புல்லும் மூத்திரமுமே அவ்வளவு ஏற்ற இறக்கம் காட்டும்.

சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் விளிம்பு உயரமான டப்பா ஒன்றை வையுங்கள். உள்ளே துணி, அதற்குப் பிடித்த தழை ஒன்று. எல்லாம் போட்ட பிறகு எண்ணைப் பூஜ்யமாக்கி, அப்புறம் கினிப் பன்றியை இறக்குங்கள். (நான் தழையைக் கடைசியில் போட்டுவிட்டு எடை கூடியதாகச் சந்தோஷப்பட்டவன்.) மெல்லும்போது அசையாமல் இருக்கும். மூன்று முறை பார்த்து நடு எண்ணைக் குறித்தால் போதும்.

தினமும் வேண்டாம். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், தீனிக்கு முன்னால். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் தினமும் நிறுத்துப் பாருங்கள், காய்ந்த புல்லை மெல்லுகிறதா என்று கவனியுங்கள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, கோளாறு பல சமயம் வாயில்தான் தொடங்கும். 100 கிராம் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடுவதையே நிறுத்திவிட்டால் தராசைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே கிளம்புங்கள்.